பக்கத்தில் ஆள் இல்லாதபோது

"வலிக்குதுன்னு ஒரு தடவையாவது சொன்னாரா?"

"இல்லீங்க டாக்டர். அதச் சொல்றதுக்குத்தான் வந்தேன். சொல்லவே மாட்டேங்கறாரு."

"அது நல்ல விஷயம்தானே?"

"உங்களுக்கு அவரத் தெரியாதுங்க. கொசு கடிச்சா ஊரக் கூட்டற ஆளு. காப்பி கொஞ்சம் சூடா இருந்தாப் போதும், 'என்னையக் கொல்லப் பாக்கறயா'ன்னு கேப்பாரு. கல்யாணமான புதுசுல பல்லு வலிச்சு இவரு போட்ட சத்தத்துல, ஏதோ சாவு வுழுந்துருச்சுன்னு பக்கத்து ஊட்டுக்காரங்க எட்டிப் பாத்தாங்க. அப்பேர்ப்பட்ட மனுசன், முந்தாநேத்து குக்கர் ஆவி கை பூரா அடிச்சுதுங்க. தோலு வழண்டு போச்சு. சத்தமே இல்ல. அப்படியே நின்னாரு."

"நின்னு?"

"என்னயப் பாத்தாரு. கண்ணு பெருசாச்சு. மூக்கு வெடச்சுது. அவ்வளவுதான். என்னாச்சுங்கன்னு கேட்டா, 'நல்லா இருக்கேன்'கறாரு."

டாக்டர் ரெஜினா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினாள்.

ஜன்னலுக்கு வெளியே கேத்திப் பள்ளத்தாக்கு இல்லை. காலையிலிருந்தே மூடுபனி அதைத் துடைத்துவிட்டிருந்தது. தைல மரங்கள் மட்டும் பாதி உடம்போடு நின்றன. ஊட்டியில் குதிரைப் பந்தய சீசன் முடிந்து, குதிரைகளை ஏற்றிய லாரிகள் மலையிறங்கிக்கொண்டிருக்கும் பருவம் அது. ஓட முடியாத குதிரைகள் மட்டும் இறங்குவதில்லை. அவற்றில் சில இந்த மையத்துக்கு வரும். மேல்கட்டடத்தில் குதிரைகள், கீழ்க்கட்டடத்தில் மனிதர்கள். இரண்டிலும் ஒரே வேலைதான் நடந்தது. விழுந்தவர்களை நடக்கவைப்பது.

எதிரில் உட்கார்ந்திருந்த பெண்ணின் பெயர் இந்திராணி. அன்னூர்க்காரி. கணவன் கதிரேசன் லைன்மேன். ஒரு புயல் மழையில் கம்பத்திலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அறுந்தவன். இரண்டு வருடம் படுக்கை. சென்ற கார்த்திகையில் அவன் முதுகில் கட்டைவிரல் நகமளவு ஒரு வில்லையை வைத்தார்கள். தை பிறப்பதற்குள் எழுந்து நின்றான். மாசியில் நடந்தான். செய்தித்தாள்களில் அவன் படம் வந்தது, இந்திராணி ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு.

"இன்னொண்ணுங்க." இந்திராணி குரலைத் தாழ்த்தினாள். "பாத்ரூமுல தாழ் போட்டுட்டாருன்னா உள்ள அழுகற சத்தம் கேக்குது. முனகறாரு. நான் கதவுகிட்டப் போனா, இந்த வளையல் சத்தம் கேட்டதுமே நின்னுருது. வெளிய வந்தா சிரிச்ச முகம். ஆள மாத்தி அனுப்பிட்டீங்களோன்னு இருக்குதுங்க."

"ஆள் இருக்கும்போது காட்டறதில்ல," என்றாள் ரெஜினா.

அதைச் சொன்னபிறகுதான் தன் காதில் விழுந்தது. பல வருடங்களாக வேறொரு இடத்தில் அவள் சொல்லிவந்த வாக்கியம் அது. ரெஜினா படித்தது கால்நடை மருத்துவம். பந்தயக் குதிரைகளின் கால்களைப் பார்ப்பதில் தொடங்கி, ஓடும் உடம்பு எப்படிக் களைக்கிறது, எப்படித் தேறுகிறது என்ற ஆராய்ச்சிக்குப் போய், அங்கிருந்து இங்கே வந்தவள். ஒவ்வொரு வருடமும் மாணவர்களிடம் முதல் வகுப்பில் அவள் சொல்வது: குதிரையை நம்பாதீர்கள். அது இரையாகப் பிறந்த பிராணி. நொண்டுவது தெரிந்தால் கூட்டத்திலிருந்து முதலில் பிடிபடுவது அதுதான். அதனால் பக்கத்தில் ஆள் இருக்கும்போது அது வலியைக் காட்டாது.

"எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க டாக்டர்."

ரெஜினா கொஞ்சம் யோசித்தாள். "பொறந்த குதிரைக்குட்டி ஒரு மணி நேரத்துல எழுந்து நின்னுடும். யாரும் கத்துக்கொடுக்கறதில்ல. நடக்கற தாளம் அதோட முதுகுத்தண்டுலயே இருக்கு. நமக்கும் இருக்கு, ஆனா லேசா. உங்க வீட்டுக்காரருக்கு அந்தத் தாளம் அறுந்துபோச்சு. அதனால ஒரு குதிரைகிட்டயிருந்து எடுத்தோம். கால்ல அடிபட்டுத் தேறிட்டு இருந்த குதிரை. அது தண்ணித்தொட்டியில நடந்து பழகினப்போ அதோட முதுகுத்தண்டுல ஓடின ஒவ்வொரு சேதியையும் பதிஞ்சு, அந்த வில்லையில வெச்சோம்."

"அது தெரியுங்க. அப்பவே சொன்னீங்க."

"நடையை மட்டும் எடுத்தோம்னு நெனச்சேன்." அவள் நிறுத்தினாள். "நீங்க பக்கத்துல வந்தா அவர் கண்ணும் காதும் கவனிக்குது. உடம்பு கொஞ்சம் உஷாராகுது. அந்த உஷார் முதுகு வழியா இறங்கும்போது வில்லைக்கும் தெரியும். ஆள் வந்தாச்சுன்னு தெரிஞ்சதும் அது எல்லாத்தையும் அடக்குது. முகத்த, தொண்டைய, நொண்டறத. வலி உள்ள அப்படியேதான் இருக்கும். வெளிய வராது."

இந்திராணி வளையல்களை மேலே தள்ளிவிட்டுக்கொண்டாள். பிறகு சிரித்தாள். நல்ல சிரிப்பு இல்லை.

"பொம்பளைங்க நாங்க எல்லாம் இப்படித்தானே டாக்டர் இருக்கறோம்? எங்க முதுகுல யாரும் எந்த வில்லையும் வெக்கலியே."

---

எக்ஸ்ரே அறைக்குள் கதிரேசன் அணிவகுப்புக்கு வந்தவன்போல நடந்து வந்தான். காலில் ஒரு சிறு பிசகும் இல்லை. கையில் மட்டும் ஈரத்துணி சுற்றியிருந்தது.

"என்ன டாக்டர், இன்னிக்கும் போட்டோவா? போன தடவை எடுத்ததுல எங்க ஊர்ல எனக்கு மன்றம் வெக்கறோம்னு சொல்லீட்டாங்க."

"வெச்சா நான்தான் தலைவி. படுங்க."

படம் வந்தது. ரெஜினா அதை வெளிச்சத்தில் பார்த்தாள். இடது தொடையெலும்பு இடுப்போடு சேரும் கழுத்தில் ஒரு விரிசல். தலைமுடி போல ஆரம்பித்து, பல வாரங்களாக அதன்மேல் நடந்து நடந்து அகன்றிருந்தது. இரண்டு வருடப் படுக்கையில் மெலிந்துபோன எலும்பு. இந்த விரிசலோடு ஒருவன் கட்டிலைவிட்டே இறங்க முடியாது. இவன் காலையில் மேட்டுத் தெருவில் ஏறிப்போய் டீ குடித்துவிட்டு வந்திருந்தான்.

"கதிரேசன், இடுப்பு வலிக்குதா?"

"நல்லா இருக்கேன்."

"இங்க அழுத்தறேன்." அழுத்தினாள். அவன் மூக்கு விடைத்தது. கழுத்தில் ஒரு நரம்பு துள்ளி அடங்கியது. காதின் பின்புறம் வியர்த்தது. அந்த வியர்வையை அவள் எத்தனையோ குதிரைகளில் பார்த்திருக்கிறாள்.

"இப்ப?"

"நல்லா இருக்கேன் டாக்டர்."

விரிசலைப் பற்றிச் சொன்னாள். இனி நடக்கக்கூடாது, படுக்கவேண்டும் என்றாள். இந்த எலும்பு கூடிவிடும். அடுத்த விரிசல் எப்போது, எங்கே என்று யாருக்கும் தெரியாது, அவன் சொல்லப்போவதில்லை என்பதையும் சொன்னாள். வில்லையை எடுத்துவிடலாம். எடுத்தால் கால்கள் பழையபடி ஆகிவிடும். நரம்புகள் அதைச் சுற்றிப் பின்னிக்கொண்டுவிட்டன. கொஞ்சநேரம் நிறுத்திவைத்துப் பார்க்கவும் முடியாது, எடுத்தபின் திரும்ப வைக்கவும் முடியாது.

"எடுக்கட்டுமான்னு நீங்கதான் சொல்லணும்."

"எதுக்கு எடுக்கோணும்? நான்தான் நல்லா இருக்கேனே."

"இத நீங்க சொல்றீங்களா, அது சொல்லுதா?"

கதிரேசன் சுவரைப் பார்த்தான். சுவரில் மனித எலும்புக்கூடும் குதிரை எலும்புக்கூடும் அருகருகே நிற்கும் படம் ஒன்று இருந்தது. குதிரை எலும்புக்கூட்டின் முதுகில் யாரும் இல்லை.

"இங்க ஒரு கேமரா வெச்சிருங்க டாக்டர்," என்றான் கடைசியில், ஏதோ வேறு விஷயம் பேசுவதுபோல. "வெச்சுட்டு எல்லாரும் போயிருங்க. எப்பப் பாக்கறீங்கன்னு மட்டும் எனக்குச் சொல்லாதீங்க."

---

மையத்தின் இயக்குநர் டாக்டர் முகுந்தன் எக்ஸ்ரேயை இரண்டு முறை பார்த்தார். கெட்ட மனிதர் இல்லை. யாரும் கேட்காதபோதும் வார்டுகளைச் சுற்றிவருபவர்.

"எலும்பு மெலிஞ்சிருக்கு. வைக்கறதுக்கு முன்னாடி எலும்புக்கு மருந்து கொடுத்துத் தேத்தியிருக்கணும். இனிமே செய்வோம்."

"எலும்பு இல்ல சார் பிரச்சனை."

"ஆறு பேருக்கு வெச்சிருக்கோம் ரெஜினா. ஆறு பேரும் வலி பூஜ்யம்னு சொல்றாங்க."

"அதுதான் சார் எனக்குப் பயம். காலை வெட்டி எடுத்தாலும் பூஜ்யம்னுதான் சொல்லுவாங்க. நம்மகிட்ட யாரும் எப்பவுமே குறை சொல்லமாட்டாங்க. இப்படி ஒரு வைத்தியம் உலகத்துல இருந்திருக்கா?"

முகுந்தன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "காத்திருக்கறவங்க லிஸ்ட்ல என் தம்பி பையன் இருக்கான். உங்களுக்குத் தெரியும். பத்தொன்பது வயசு. பைக்ல போய் விழுந்தவன். அவன்கிட்டப் போய்க் கேளுங்க, வலியோட நடக்கறியா, வலியில்லாம படுத்துக்கிடக்கறியான்னு."

"கேள்வி அது இல்ல சார். வலிக்குதுன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்ல முடியாம நடக்கறியான்னு கேக்கணும்."

"அதுக்கும் சரின்னுதான் சொல்வான்."

"இப்ப சொல்வான். வெச்சப்புறம் கேட்டாலும் அதையேதான் சொல்வான். முதல்ல சொன்னது அவன். ரெண்டாவது சொன்னது யாருன்னு நமக்குத் தெரியாது."

மழை கூரைத் தகட்டில் இறங்கியது. மேல்கட்டடத்தில் எங்கோ ஒரு குதிரை கனைத்தது.

"ஒருத்தர்," என்றார் முகுந்தன். "ஒரே ஒருத்தர் வாயால 'வலிக்குது'ன்னு சொல்லட்டும். அன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்திடறேன். சொல்லாத வலிக்காக நடக்கறவன்கிட்டேயிருந்து காலப் பிடுங்கச் சொல்றீங்களா?"

ரெஜினா எக்ஸ்ரேயை உறைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவருகில் போனவளை அவர் கூப்பிட்டார்.

"ஆனா அந்தக் குதிரை நல்லாத்தானே இருந்துது? நீங்கதானே ஒவ்வொரு நாளும் கூடவே நின்னீங்க?"

---

அந்தக் குதிரையின் பெயர் பவளம். பந்தயப் புத்தகத்தில் வேறு ஏதோ நீளமான பெயர். லாயத்தில் அவளது நிறத்தைப் பார்த்து எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். முன்னங்கால் தசைநார் கிழிந்து வந்தவள். புது இடம், தண்ணீர்த் தொட்டி, முதுகில் ஒட்டிய கம்பிகள், எல்லாவற்றுக்கும் மிரண்டாள். ரெஜினா தலைப்பக்கம் நின்று கழுத்தைத் தடவினால் மட்டும் அடங்கினாள். அதனால் ரெஜினா நின்றாள். பதிவு நடந்த ஒரு வருடமும், ஒருநாள் விடாமல், காய்ச்சல் வந்த நாட்களிலும். பையில் வெல்லக்கட்டி. பவளத்தின் காதில் அவள் பாடும் ஏதோ ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமைச் சர்ச் பாட்டு. பவளத்தின் நடை நாளுக்குநாள் சீரானது. வரைபடங்கள் கடலலை மாதிரி ஒழுங்காக வந்தன. கடைசிப் பதிவு முடிந்த சில வாரங்களில் ஒரு காலை, மேய்ச்சல் திடலில், ஓடக்கூட இல்லை, சும்மா திரும்பும்போது அந்தக் கால் முறிந்தது. குதிரைக்கு முறிந்த கால் மறுபடி ஒட்டாது. உயிரை முடிக்கும் ஊசியைப் போட்டது ரெஜினாதான். அப்போதும் கழுத்தைத் தடவிக்கொண்டுதான் இருந்தாள். நல்லாத்தானே இருந்தா என்று எல்லோரும் சொன்னார்கள். ரெஜினாவும் சொன்னாள்.

லாயத்தில் ஒரு கேமரா இருந்தது. ஆராய்ச்சிக்கானது இல்லை. தீவனம் திருட்டுப் போகிறதென்று காவலாளிகள் வைத்தது. ஆராய்ச்சிக்கென்று தனிக் கேமராக்கள் இருந்ததால் இதை யாரும் பார்த்ததில்லை. அன்று மதியம் காவல் அறைக்குப் போய், யாரும் அழிக்காமல் விட்டிருந்த பழைய பதிவுகளைக் கேட்டு வாங்கி, ரெஜினா பார்த்தாள்.

படத்தில் அவளே இருந்தாள். பவளத்தின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். பவளம் நான்கு கால்களில் நேராக நின்றது. கொஞ்சநேரம் காதுகளை மட்டும் வாசல் பக்கம் திருப்பிவைத்துக் கேட்டது. பிறகு அடிபட்ட காலை மெல்ல முன்னால் நீட்டி, நுனிக்குளம்பை மட்டும் தரையில் தொடவைத்தது. தலை இறங்கியது. இறங்கி இறங்கி, மூக்கு வைக்கோலைத் தொட்டது. தின்னவில்லை. உடம்பு முழுவதும் ஒரு நடுக்கம் போய்வந்தது. அப்படியே நின்றது, மதியம் முழுக்க.

பிறகு திடீரென்று காதுகள் நிமிர்ந்தன. நீட்டிய காலை இழுத்து உடம்புக்குக் கீழே வைத்து, அதன்மேல் பாரத்தை ஏற்றி, தலையைத் தூக்கி, அழகாக நின்றது. பதிவில் சத்தம் இல்லை. எதைக் கேட்டு அப்படி நின்றது என்று ரெஜினாவுக்கு முதலில் புரியவில்லை. அரை நிமிடம் கழித்து, தன் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி அவள் படத்துக்குள் வந்தாள்.

அடுத்த நாள். அதற்கடுத்த நாள். எல்லா நாட்களும் அதேதான்.

அவள் விலகி நின்றிருந்தால், யாராவது ஒருநாள் வெறும் கம்பிகளோடு பவளத்தைத் தனியாக விட்டிருந்தால், உண்மையான நடை பதிவாகியிருக்கும். நொண்டும் நடை. அப்போதே தெரிந்திருக்கும். வில்லைக்குள் இருந்தது ஒரு குதிரையின் நடை இல்லை. ரெஜினாவுக்காக ஒரு குதிரை நடந்து காட்டிய நடை.

---

மறுநாள் மழை விட்டிருந்தது. பனி மட்டும் இன்னும் போகவில்லை. கதிரேசனைத் தனி அறையில் படுக்கவைத்து, காலை மணல் பைகளால் அசையாமல் அண்டக்கொடுத்திருந்தார்கள். ரெஜினாவும் இந்திராணியும் அவனுக்கு டாட்டா காட்டிவிட்டு வெளியே வந்தார்கள். "நாங்க ரெண்டு பேரும் கடைவீதிக்குப் போறோம்," என்றாள் ரெஜினா. "போயிட்டு டீக்குக் கடிச்சுக்க வர்க்கி வாங்கிட்டு வாங்க," என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

பக்கத்து அறை போர்வைகள் அடுக்கும் அறை. அவன் கேட்டபடி அவன் அறையில் வைத்த கேமராவின் படம் தெரிய, அங்கே ஒரு சின்னத் திரையை வைத்திருந்தாள். இரண்டு அறைகளுக்கும் நடுவே ஒரு கதவு. பூட்டு இல்லை, தாழ் மட்டும்.

திரையில் கதிரேசன் படுத்திருந்தான். சிரிப்பு இன்னும் முகத்திலேயே இருந்தது, யாரோ மறந்துவிட்டுப்போன பொருள் மாதிரி. அவன் காது கொடுத்துக் கேட்பது தெரிந்தது. காலடிச் சத்தங்கள் தொலைவதற்காக. கேட் மூடுவதற்காக.

பிறகு முகம் மாறியது. முதலில் புருவம். அப்புறம் வாய் கோணியது. கை போர்வையைப் பற்றி முறுக்கியது. தலையைப் பின்னால் எறிந்து அவன் கத்தினான்.

"அய்யோ! அம்மா! கொல்றாங்களே, அய்யோ!"

சுவர் வழியாகவே கேட்டது. இந்திராணி துள்ளி எழுந்தாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஆனால் முகம் மலர்ந்திருந்தது. பல மாதங்களுக்கு முன் தொலைந்த ஒருவரைக் கூட்டத்தில் பார்த்துவிட்டவளைப்போல.

"இவருதாங்க டாக்டர்," என்றாள் கிசுகிசுப்பாக. "இவருதாங்க எங்க ஊட்டுக்காரரு."

கதவை நோக்கி ஓரடி வைத்தாள். வளையல்கள் சத்தம் போட்டன. திரையில் கதிரேசனின் கத்தல் சட்டென்று நின்றது. வாய் மூடிக்கொண்டது. முகம் மழுமழுவென்று ஆனது. கண்கள் மட்டும் பெரிதாகிக் கதவைப் பார்த்தன.

இந்திராணி உறைந்து நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். பிறகு, மிக மெல்ல, அவன் முகம் திரும்பவும் வந்தது. இப்போது கத்தவில்லை. தேம்பித் தேம்பி அழுதான், பக்கத்து வீட்டாரை எழுப்பக்கூடாது என்று அழுபவன்போல.

"டாக்டர்." திரையில் அவன் பேசினான். கேமரா பக்கம் திரும்பாமல், சுவரைப் பார்த்து. "பாக்கறீங்களோ, இல்லியோ. பாக்கலைன்னு நெனச்சுக்கிட்டுத்தான் பேசறேன். வலிக்குது. ரொம்ப வலிக்குதுங்க. மாசியிலிருந்தே வலிக்குது."

ரெஜினா கண்ணை மூடினாள். முகுந்தன் கேட்ட வார்த்தை. இதோ, பதிவாகிவிட்டது. இதை எடுத்துக்கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தால் போதும். இனி யாருக்கும் வில்லை இல்லை. அந்தப் பத்தொன்பது வயதுப் பையனுக்கும் இல்லை.

"ஆனா இத எடுத்துறாதீங்க," என்றான் அவன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"ரெண்டு வருசம் கூரையப் பாத்தே கெடந்தேன். பல்லி எத்தன, ஒட்டடை எத்தனன்னு. இனிமே அது ஆகாது. இத நான்தான் சொல்றேன், அது சொல்லல. தனியா இருக்கறப்பதான் சொல்றேன், நம்புங்க. வலிக்கட்டும். வலிச்சுட்டுப் போவுது. அதில்லீங்க என் பிரச்சனை."

அவன் போர்வை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"பல்லு வலிச்சப்ப எங்க அம்முணி ராத்திரி பூரா எம் பக்கத்துல உக்காந்திருந்தா. திட்டிக்கிட்டேதான் உக்காந்திருந்தா. இப்ப அவ வந்தா, நான் நல்லா இருக்கேன்னு சிரிக்கறேன். உள்ள கத்திக்கிட்டே சிரிக்கறேன். அவ போனாத்தான் அழ முடியுது. அழுகறப்ப பக்கத்துல யாருமே இல்ல. இப்படி எத்தன நாளைக்குங்க?"

இந்திராணி வளையல்களைக் கழற்ற ஆரம்பித்திருந்தாள். கண்ணாடி வளையல்கள். ஒன்றோடொன்று படாமல், ஒவ்வொன்றாக, போர்வைகளின்மேல் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். வெறும் கைகளோடு கதவருகில் போய்த் தாழ்மேல் விரலை வைத்து, அங்கிருந்து திரும்பி ரெஜினாவைப் பார்த்தாள்.

திரையில் கதிரேசன் சுவர்ப்பக்கமாகவே முகத்தைத் திருப்பிக்கொண்டான். கதவு கண்ணில் படாதபடி. கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க டாக்டர். எனக்குத் தெரியாம எங்க அம்முணிய இங்க கொஞ்ச நேரம் உக்கார வெய்யுங்களேன்."